ஒரே சி.எஸ்.ஐ. தானே, ஆராதனை மட்டும் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

கேட்டவர்: நாசரேத்துப் பொண்ணு

சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். கல்யாணமாகி இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். அங்கேயும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), இங்கேயும் சி.எஸ்.ஐ. என்றுதான் நிம்மதியாக வந்தேன். முதல் ஞாயிறே குழம்பிவிட்டேன். பாவ அறிக்கை என்று ஆயர் சொன்னதும் பழக்கத்தில் முழங்கால் போட்டுவிட்டேன். சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்திருக்கிறார்கள். அத்தை என் முந்தானையை மெதுவாகப் பிடித்து இழுத்து, "எழுந்து உக்காரும்மா" என்றார்கள்.

எங்கள் கோயிலில் ஐயர் (ஆயரை அங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒரு வரி சொன்னால் சபை பதிலைப் பாட்டாகவே சொல்லும். சங்கீதத்துக்கும் ராகம் உண்டு. திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முன்னால் போய் முழந்தாளிட்டால் ஒரே பாத்திரம்தான் எல்லார் வாய்க்கும் வரும். இங்கே சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கிறார்கள், திருவிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறுதான், அதுவும் சின்னச் சின்னக் கிண்ணத்தில். பிரசங்கம் மட்டும் அங்கே கேட்டதைப் போல இரண்டு மடங்கு!

இதற்கு நடுவில் ஆபீசில் கூட வேலை செய்கிற தோழி (முருக பக்தை) கேட்கிறாள்: "நாங்க கோயிலுக்குப் போனா தீபாராதனை பார்த்து விபூதி வாங்கிட்டு வந்துடுவோம். நீங்க ரெண்டு மணி நேரம் உள்ள என்னதான் பண்றீங்க?" பாட்டு, ஜெபம், பிரசங்கம், காணிக்கை என்று வரிசையாகச் சொன்னேன். "அது சரி, எதுக்கு?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த ஒழுங்கை யார் உண்டாக்கினார்கள்? எதற்காக? பிரசங்கம் கேட்கத்தான் என்றால் அதை யூடியூபிலேயே கேட்கலாமே. பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பெத்தேல் தம்பி, ஆரணி

அக்கா, அந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணமே எழுதி வைத்ததைப் பார்த்து வாசிப்பதுதான். எங்கள் சபையில் புத்தகமே கிடையாது. கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 14ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கூடி வரும்போது ஒருவனிடம் சங்கீதம் இருக்கும், ஒருவனிடம் போதனை இருக்கும் என்றுதான் பவுல் சொல்கிறார். பக்கம் இத்தனை, எல்லாரும் எழுந்து நிற்கவும் என்று எங்கேயும் இல்லை. மூன்று மணி நேரம் போவதே தெரியாது, ஒரு நாள் வாங்க.

---

உபதேசியார் மகன், ராணிப்பேட்டை

தம்பிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மருமகளை அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்த விஷயம். அம்மா, அதில் உங்கள் மேலும் தப்பில்லை, அத்தை மேலும் தப்பில்லை. இரண்டு ஊருக்கும் வந்த மிஷனரிமார் வேறு வேறு.

உங்கள் திருநெல்வேலிச் சீமையில் வேலை செய்தவர்கள் இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்கள். 1662ஆம் வருஷத்துப் பொது ஜெபப் புத்தகம் அவர்கள் கையோடு வந்தது. அங்கி, முழங்கால், பாட்டாகப் பதில் எல்லாம் அந்த வழி. எங்கள் வடாற்காட்டுக்கு வந்தவர்கள் அமெரிக்கர்கள். 1853இல் ஸ்கடர் குடும்பத்து அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கின ஐடா ஸ்கடருக்குப் பெரியப்பாமார்கள். அவர்களுடைய சபை, நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் சீர்திருத்தச் சபை. 1867 வரைக்கும் அதன் பெயரிலேயே 'டச்சு' இருந்தது. அது பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவாவில் சபையைச் சீர்திருத்தின கால்வின் வழி. அங்கே வேதவசனமும் பிரசங்கமும்தான் பிரதானம். பலிபீடம் என்று சொல்லவே மாட்டார்கள், மேஜைதான். திருவிருந்து வருஷத்தில் சில முறைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கால்வின் வாரா வாரம் திருவிருந்து வேண்டும் என்றுதான் கேட்டார். ஜெனீவா நகரசபை ஒத்துக்கொள்ளவில்லை, வருஷத்துக்கு நாலு தடவை போதும் என்றுவிட்டது. அந்த நகரசபைக்காரர்களின் பிடிவாதம் கடல் தாண்டி, அமெரிக்கா சுற்றி, பாலாற்றங்கரை வரை வந்து சேர்ந்தது. நீங்கள் இன்றைக்கு மாதத்துக்கு ஒரு தடவை என்று குறைப்படுகிறீர்கள், எங்கள் தாத்தா காலத்துக்கு அதுவே தாராளம்.

1947 செப்டம்பர் 27 அன்று மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஏற்கெனவே 1908இல் ஒன்றுசேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, மூன்றும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. எங்கள் ஆற்காட்டுச் சபைகள் அந்த ஐக்கிய சபைக்குள் இருந்தவை. இதற்கான பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. அதில் முன்நின்றவர் உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் அசரியா. பாவம், 1945இல் இறந்துபோனார், கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சேரும்போது ஒரு வாக்குறுதி கொடுத்துக்கொண்டார்கள்: எந்தச் சபைக்கும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையைத் திணிப்பதில்லை. அதனால்தான் பலகையில் ஒரே பெயர், உள்ளே வேறு வேறு பழக்கம். வேலூரிலேயே பாருங்கள், கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் 1846இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக்காகக் கட்டியது, அதன் வம்சம் வேறு. வெளியே ஊருக்குள் இருக்கிற சபைகள் மிஷன் பெற்றவை.

இப்போது தோழியின் கேள்வி. 'எதுக்கு?'

மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று கிறிஸ்தவன் எழுதினதே இல்லை, கிறிஸ்தவர்களை விசாரித்த ஒரு அதிகாரி எழுதினது. ஏறத்தாழ 112ஆம் வருஷம், இன்றைய துருக்கியில் இருந்த ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதுகிறார். குறித்த ஒரு நாளில் விடிவதற்கு முன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறி மாறிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், வாக்கு மாற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், கலைந்து போய்த் திரும்பக் கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று. இதைத் தெரிந்துகொள்ள இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்திருக்கிறார். சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்த பெண்கள் அவர்கள். ஏன் விடிவதற்கு முன்? அன்றைக்கு ஞாயிறு லீவு கிடையாது. அடிமைகள் வேலைக்குப் போக வேண்டும்.

அப்புறம் ஏறத்தாழ 155இல் ரோமாபுரியில் யுஸ்தீன் என்பவர் பேரரசருக்கே விளக்கம் எழுதுகிறார். நாங்கள் உள்ளே கூடி என்ன செய்கிறோம் என்று பாருங்கள் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருக்கிறவர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளையோ நேரம் இருக்கிற மட்டும் வாசிப்பார்கள். தலைவர் புத்தி சொல்வார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சை ரசமும் வரும், தலைவர் தம்மால் முடிந்த மட்டும் ஸ்தோத்திரம் சொல்வார், சபை ஆமென் சொல்லும். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்கே பங்கைக் கொண்டுபோவார்கள். வசதி உள்ளவர் மனமுவந்து கொடுத்ததைத் தலைவரிடம் வைப்பார்கள். அநாதை, விதவை, நோயாளி, சிறையில் இருப்பவன், வெளியூரிலிருந்து வந்து தங்கினவன் எல்லாருக்கும் அதிலிருந்து போகும்.

அம்மா, உங்கள் நாசரேத்து ஆராதனையும் சத்துவாச்சாரி ஆராதனையும் இதற்குள் அடங்கிவிட்டதா இல்லையா? முதல் பாதி யூத ஜெப ஆலயத்திலிருந்து வந்தது: வாசிப்பு, சங்கீதம், விளக்கம், ஜெபம். இரண்டாம் பாதி இயேசு கடைசி இரவில் சீஷர்களோடு சாப்பிட்ட பந்தியிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு முழு ஆராதனை. பிற்காலத்தில் ஒவ்வொருவரும் ஒரு பாதியைப் பெரிதாக்கி இன்னொன்றைச் சுருக்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் முதல் பாதி வீங்கிப்போனது. நீங்கள் அளந்த அந்த இரண்டு மடங்குப் பிரசங்கம் அதுதான்.

தம்பி பெத்தேலுக்கு: 'தம்மால் முடிந்த மட்டும்' என்று யுஸ்தீன் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் அந்தப் பெரிய ஜெபத்தை எழுதி வைக்கவில்லை, நீங்கள் சொல்வது அந்த அளவுக்குச் சரி. ஆனால் ஒழுங்கு இருந்தது. உங்கள் சபையிலும் இருக்கிறது. துதி ஆராதனை, சாட்சி, செய்தி, காணிக்கை. ஒரு ஞாயிறு காணிக்கையை முதலில் வைத்துப் பாருங்கள், என்ன நடக்கிறது என்று.

எழுதி வைத்ததை ஏன் நான் விடமாட்டேன் என்கிறேன் என்றால், என் அப்பா ஆற்காட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் உபதேசியார், ஆயர் இல்லாத இடத்தில் ஆராதனை நடத்துகிறவர். சபையார் எல்லாரும் கூலிக்காரர்கள். ஞாயிறு காலை ஆராதனை என்ற பேச்சே இல்லை, ஆண்டை வயலில் நடவு இருந்தால் நடவுதான். (கான்ஸ்டன்டைன் 321இல் ஞாயிறு ஓய்வு என்று சட்டம் போட்டபோதும் நகரத்துக்காரர்களுக்குத்தான் ஓய்வு, உழவர்கள் வேலை செய்யலாம் என்று விலக்கு வைத்தார்.) அதனால் பொழுது சாய்ந்து, அவர்கள் குளித்து வந்த பிறகுதான் மணி. மணி என்றால் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. ஓலைக்கூரைக் கோயில், பாய், ஒரு அரிக்கேன் விளக்கு. புத்தகம் அப்பா கையில் மட்டும். ஆனால் விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை, கர்த்தர் கற்பித்த ஜெபம் எல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு மனப்பாடம். அப்பாவுக்குத் தொண்டை கட்டின அன்றைக்கு அவர்களே நடத்தி முடிப்பார்கள். பாட்டிக்கு ஒரு வார்த்தை தப்பினாலும் பக்கத்தில் இருக்கிறவள் எடுத்துக் கொடுப்பாள். அந்தந்த நேரத்துக்கு யாருக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் ஜெபம் என்று விட்டிருந்தால், நன்றாகப் பேசத் தெரிந்தவன் மட்டும் பேசிக்கொண்டிருப்பான், இவர்கள் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த காலம் அது. அந்த மனிதர்கள் மேஜைக்கு வந்து ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டார்கள். ஆற்காடு மிஷன் சாதியை விடாதவனைச் சபையில் சேர்க்காது, அதில் கறார். ஆனால் சர்ச்சுக்குள் சாதி இல்லை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சென்னை, தஞ்சாவூர்ச் சபைகளில் தனித்தனியாக உட்கார்ந்து தனித்தனியாக நற்கருணை (திருவிருந்து) வாங்கினார்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் அதை நிறுத்தச் சொன்னதற்கு எவ்வளவு எதிர்ப்பு! அடையாளத்துக்கு ஒரு அப்பம் தின்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒன்றும் இல்லையென்றால் ஏன் அத்தனை சண்டை?

---

காட்பாடி ஜோ

ஐயா எழுதியதற்கு எங்கள் பக்கத்துக் கதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கத்தோலிக்கர், பூர்வீகம் சேத்துப்பட்டு. தாராஸ் சாமியார் கூட்டின ஊர். அங்கே இருக்கிற லூர்து மாதா கோயிலைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எங்களுக்கு நேர்மாறு. ஐயா சொன்ன இரண்டாம் பாதிதான் எல்லாம். என் அப்பா சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவர். சாமியார் சபைக்கு முதுகு காட்டி நின்று லத்தீனில் சொல்வார், அப்பா மனப்பாடம் செய்த லத்தீனில் பதில் சொல்வார், அர்த்தம் இருவரில் ஒருவருக்குத்தான் தெரியும். பின்னால் ஜனங்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். எழுந்தேற்றத்துக்கு, அதாவது சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுவதற்கு, மணி அடிக்கும்போது மட்டும் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதன் பிறகுதான் தமிழ் வந்தது, சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார், வாசகத்தை எங்களில் ஒருவர் வாசிக்க ஆரம்பித்தார். அப்பா முதல் தமிழ்ப் பூசையில் பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம் என்பார். லத்தீன் பதில்களுக்காக வாங்கின அடியெல்லாம் வீணாகப் போய்விட்டதாம்!

---

நாசரேத்துப் பொண்ணு

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பிளினி கடிதத்தைத் தோழிக்குச் சொன்னேன். "போலீஸ்காரன் எழுதின சாட்சியா, அப்ப நம்பலாம்" என்கிறாள்.

ஐயா, இன்னும் ரெண்டு. முழங்காலா உட்காருவதா, எது பழையது? அப்புறம், இங்கே திருவிருந்து ஞாயிறில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் என்று கையைக் கொடுக்கிறார்களே, அது எங்கள் ஆங்கிலிக்கன் வழியா, உங்கள் டச்சு வழியா?

---

உபதேசியார் மகன், ராணிப்பேட்டை

முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் அத்தையும் கோபிப்பார், நீங்களும் கோபிப்பீர்கள். இரண்டும் இல்லை, நிற்பதுதான் பழையது. 325இல் திருச்சபைத் தலைவர்களின் நிசேயா சங்கம் கூடியபோது, ஞாயிற்றுக்கிழமையும் பெந்தெகொஸ்தே காலத்திலும் சிலர் முழங்காலிடுகிறார்கள், அது கூடாது, நின்றே ஜெபிக்க வேண்டும் என்று 20ஆவது விதியாக எழுதி வைத்தார்கள். ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அன்றைக்கு மண்டியிட்டு வருந்துவது பொருத்தமில்லை என்பது அவர்கள் எண்ணம். கோயிலில் பெஞ்சு போட்டது பல நூற்றாண்டு கழித்துத்தான். பெஞ்சு வந்ததும் ஜனங்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததும் பிரசங்கியார் நீட்டினார். நின்றுகொண்டிருந்தால் நீட்டியிருப்பாரா?

சமாதானம் கொடுப்பது இரண்டு பேருடையதும் இல்லை, அது கேரளத்துச் சுரியானிக்காரர்களிடமிருந்து வந்தது. 1947இல் ஒன்றான பிறகு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு திருவிருந்து முறை வேண்டும் என்று குழு போட்டார்கள். கட்டாயமில்லை, விரும்புகிற சபை பயன்படுத்தலாம். 1950 ஜனவரியில் மதராஸில் கூடிய சினாட்டில் (திருச்சபையின் பொதுக்கூட்டம்) முதன்முதலாக அதைப் பயன்படுத்தினார்கள். அப்புறம் திருத்தி 1963இல் பொது ஆராதனைப் புத்தகத்தில் சேர்த்தார்கள். அதில் ஆங்கிலிக்கன் வரிகளும் இருக்கிறது, சீர்திருத்தச் சபையின் வரிகளும் இருக்கிறது, சுரியானி வழிபாட்டிலிருந்து எடுத்த பதில்களும் இருக்கிறது. ஆயர் மேஜைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. காட்பாடிச் சாமியார் திரும்புவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முந்தி! ஜோ தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

சமாதானம் கொடுப்பதற்கும் முறை இருக்கிறது. கொடுப்பவர் வலது உள்ளங்கை, வாங்குபவர் வலது உள்ளங்கையில் படும். பிறகு இருவரும் இடது கையால் மற்றவர் வலது கையை மூடிக்கொள்வார்கள். ஆயரிடமிருந்து கிளம்பி வரிசை வரிசையாகக் கடைசிப் பெஞ்சு வரை கைமாறி வர வேண்டும். இப்போது என்ன செய்கிறார்கள்? இருந்த இடத்திலிருந்தே நாலு பக்கமும் கும்பிடு போட்டு முடித்துவிடுகிறார்கள். போன வருஷம் வயல் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறவன் அடுத்த பெஞ்சில் இருந்தால் கும்பிடு வசதி, கையைக் கொடுப்பதுதான் கஷ்டம். கஷ்டப்படத்தான் அதை அங்கே வைத்தார்கள், அப்பத்துக்குக் கை நீட்டுவதற்கு முன்னால்.

யூடியூப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரசங்கத்தை அதில் கேளுங்கள், எங்கள் ஆயரைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே கேட்கிறேன். ஆனால் வீட்டில் முடியாமல் கிடக்கிற கிழவிக்கு அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும். அம்மா காலத்தில் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள், ஞாயிறன்று அது கோயிலுக்கு வரும். சோற்றுக்கு இல்லாத வீட்டிலும் அந்தப் பானை இருந்தது. யுஸ்தீன் எழுதின விதவைக்கும் வழிப்போக்கனுக்குமான பங்கு எங்கள் ஊரில் அந்தப் பானையாக இருந்தது. சேர்ந்தது எந்த வீட்டுக்குப் போகிறது என்பது அப்பாவுக்கும் இரண்டு மூப்பர்களுக்கும் மட்டும் தெரியும். இப்போது கவரில் பெயர் எழுதிப் போடுகிறோம், ஆண்டறிக்கையில் அச்சடித்தும் வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, கமிட்டியில் சொல்லியும் பார்த்துவிட்டேன்.

---

ஆம்பூர் லூத்தரன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்தப் பக்கம் லூத்தரன்களும் இருக்கிறோம் என்று நினைவுபடுத்தவே வந்தேன், மிசௌரி மிஷன் வழி. ஜனங்கள் தங்கள் மொழியில் பாட வேண்டும் என்று ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தம் தொடங்கின லூத்தர் 1526லேயே ஜெர்மன் ஆராதனை முறையை வெளியிட்டார். இந்தப் பட்டியலில் அதை எப்படி ஐயா மறந்தீர்கள்? 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்குவும் லூத்தரன்தான். தமிழில் ஞானப்பாட்டு பாடி ஆராதிக்க எங்கள் ஆட்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள்!

---

உபதேசியார் மகன், ராணிப்பேட்டை

மறக்கவில்லை, நீங்களே வந்து சொல்வீர்கள் என்று விட்டுவைத்தேன். ஆனால் ஜெர்மன் ராகத்தில் தமிழ் வார்த்தையைத் திணித்தால் குறில் நெடிலெல்லாம் படுகிற பாடு எனக்குத் தாங்காது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை பாடின பிறகுதான் எங்கள் கிராமத்து ஜனங்கள் தாளம் போட்டார்கள். அவரும் உங்கள் லூத்தரன் மிஷன் வளர்த்த பிள்ளைதான், ஒத்துக்கொள்கிறேன்.

நாசரேத்தம்மா, தோழியைக் கூட்டிவர வேண்டுமானால் சாதாரண ஞாயிறுக்கு வேண்டாம், அறுப்பின் பண்டிகைக்குக் கூட்டி வாருங்கள். (அதுவும் பழையது ஒன்றும் இல்லை, 1843இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு குருவானவர் தொடங்கினது பரவி இங்கே வந்தது.) மேஜையைச் சுற்றிக் கரும்பு, வாழைத்தார், மல்லாட்டைக் கொடி, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், காலைக் கட்டின நாட்டுக்கோழி எல்லாம் இருக்கும். பாதிப் பிரசங்கத்தில் கோழி கத்தும், ஆயர் சிரித்துவிட்டுத் தொடர்வார். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காயை ஒருவர் ஏலம் எடுத்து, திரும்பக் கோயிலுக்கே கொடுத்து, இன்னொருவர் எடுத்து, மூன்று கை மாறும். கோழி வேண்டுமென்றால் முதலிலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள், போட்டி அதிகம்.